பதில் போட்டாச்சு

இல்ல மேடம், மூணாம் பெட்டியிலயும் இருக்காது. பாக்குறதுன்னா தாராளமா பாருங்க, ஆனா மூக்குல கைக்குட்டையக் கட்டிக்கோங்க, பொல்லாத தூசி. இந்தக் காலேஜோட மொத முதல்வருக்கு வந்த கடிதம் அத்தனையும் இந்த ரிக்கார்டு ரூம்ல இருக்கு. அவர் எழுதின பதில் ஒண்ணுகூட கெடையாது.

எழுதாம என்ன? எழுதித் தள்ளியிருக்காரு. பொண்டாட்டிக்குப் போடுற கடிதத்துக்கே கார்பன் வெச்சு நகல் எடுத்துக்கிற மனுஷன். அந்தம்மா ஊர்லேர்ந்து நாலு கடிதத்துல கேட்டிருக்காங்க, அறுந்த செருப்பத் தைச்சீங்களா, இல்ல அதோடயே காலேஜுக்குப் போயி மானத்த வாங்குறீங்களான்னு. தைச்சாரா இல்லையான்னு இனிமே யாருக்கும் தெரியாது.

நகலெல்லாமா? கிழிச்சாச்சு. நான்தான்.

அப்படிப் பாக்காதீங்க மேடம். வேலைக்குச் சேந்த மொத மாசம். ஹெட் கிளார்க் சொன்னாரு, இடம் பத்தல, ஒரே தாள் ரெண்டு இருந்தா ஒண்ணக் கழிச்சிடுன்னு. கட்டுக்கட்டா மெல்லிசுத் தாள், ஒவ்வொண்ணு தலையிலயும் நகல்னு போட்டிருந்துச்சு. அப்ப அசல் வேற கட்டுல இருக்கும்னு நெனச்சேன். அசல்தான் தபால்ல போயிடுச்சேன்னு உறைக்கல. மூணு மூட்டை. ஹெட் கிளார்க் வந்து பாத்துட்டு, சுறுசுறுப்பான ஆளுய்யான்னு முதுகுல தட்டிட்டுப் போனாரு.

அந்த லேப் அட்டெண்டர் குடுத்த மனுவா? அது இருக்கு, இந்தாங்க. மெதுவா, மடிப்புல விட்டுப்போச்சு. மைக்ராஸ்கோப்பத் திருடிட்டான்னு வேலைய விட்டு அனுப்பினாங்கல்ல, அதுக்கு எழுதினது. ஐயா, நான் எடுக்கல, வேலைகூட வேணாம், நீங்க என்ன நம்புறீங்களான்னு ஒரு வரி எழுதுங்க, போதும்னு. மூலையில செவப்பு மையில பாருங்க, முதல்வர் கையெழுத்து. பதில் போட்டாச்சுன்னு. தேதிகூட இருக்கு. என்ன பதில்னா, அது மூட்டையோட போச்சு.

அந்தப் பதிலோட அசல் அட்டெண்டருக்கு வந்து சேரல மேடம். அந்தத் தேதிக்கு நாலு நாள் முன்னாடியே குவார்ட்டர்ஸக் காலி பண்ண வெச்சுட்டாங்க. பூட்டின வீட்டுக்குத்தான் போயிருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும்னா, நாங்கதான அந்த வீட்ல இருந்தோம். பெரிய மனுஷன், ஒரு வரி எழுதலையேன்னு சொல்லிச் சொல்லியே அப்பா போய்ச் சேந்தாரு. இந்த மனு என் கையில சிக்கினது வேலைக்குச் சேந்த ரெண்டாவது மாசம்.

அம்மா இருக்காங்க. கண்ணு தெரியாது, காது நல்லா கேக்கும். பதில் போட்டாச்சுன்னு எழுதியிருக்கிறத அன்னைக்கு அவங்ககிட்ட உளறித் தொலைச்சுட்டேன். அதுலேர்ந்து, சாயங்காலம் நான் உள்ள நொழைஞ்சதும் கெடச்சுதாடான்னு கேப்பாங்க. தேடிக்கிட்டிருக்கேன்மான்னு சொல்லுவேன். முப்பத்திரெண்டு வருஷமா இதான் பேச்சு.

இந்த மாசக் கடைசியோட எனக்கு ரிட்டயர்மெண்ட் மேடம். அப்புறம் எங்க தேடுறேன்னு சொல்றதுன்னுதான் தெரியல.