ஆறு வோல்ட்டைப் பன்னிரண்டாக்கினேன்

ஆறு வோல்ட் என்றால் ஏதோ குறைபாடு என்று இளம் மெக்கானிக்குகள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. வயர் தடிப்பாக இருந்து, முனைகள் துருப்பிடிக்காமல் இருந்தால் ஒரு பழைய டிராக்டருக்கு ஆறு வோல்ட்டே போதும். குளிர்காலக் காலையில் கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். இதை அண்ணைக்கும் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

"எல்லாத்தையும் பன்னிரண்டாக்கிப் போடு தம்பி. பட்டனை அமத்தின உடன எடுக்க வேணும்" என்றார்.

என் பெயர் குகநாதன், வயது அறுபத்தொன்று. லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ரயில் பாதைச் சுவரை ஒட்டி ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். வாகனங்களின் மின்சார வேலை மட்டும்தான் செய்வேன். குலசேகரம் என் ஒரே அண்ணை. அவர் என்னைத் துன்புறுத்தினாரா என்று நீங்கள் ஆங்கிலத்தில் கேட்டதை, பொலிஸ் மொழிபெயர்ப்பாளராக வந்திருக்கும் பாமா எனக்குத் தமிழில் சொன்னார். இல்லை, அதிகாரி. அவர் என்னை ஒரு நாளும் அடித்ததில்லை, ஏசியதில்லை.

தொண்ணூற்றொன்றில் அவர்தான் என்னை லண்டனுக்குக் கூப்பிட்டார். எந்த அறையில் படுப்பது, என்ன வேலை பழகுவது, யாரைக் கட்டுவது, அந்தக் கலியாணம் சரிவராமல் போனபோது எந்தக் கடதாசியில் கையெழுத்து வைப்பது, எல்லாம் அவர் சொன்னதுதான். "நீ ஒண்டுக்கும் கவலைப்படாதை, நான் பாத்துக்கொள்ளுறன்" என்று முதுகில் தட்டுவார். நானும் "ஓம் அண்ணை" என்பேன். கராஜ் ஒன்றுதான் அவரைக் கேட்காமல் நான் தொடங்கியது. அங்கே நான் தொங்கவிட்ட இடத்தில்தான் ஸ்பானர் தொங்கும். காலையில் ஷட்டரைத் தூக்கும்போதுதான் எனக்கு ஒழுங்காக மூச்சு வரும்.

போன மாசியில் அண்ணை பிக்கின் ஹில் பக்கம் நாலு ஏக்கர் காணியும் வீடும் வாங்கினார். கூடவே அந்தச் சாம்பல் நிற டிராக்டரை ஏலத்தில் எடுத்தார். என்னைவிட மூத்தது. அதை என் முற்றத்தில் இறக்கிவிட்டு, கராஜை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"இதுதான் உன்ர கடைசி வேலை. வைகாசியோட இதைப் பூட்டிப் போடு. இடத்துக்காரனுக்கும் சொல்லிப்போட்டன். அங்க எங்களோட இரு, உனக்கெண்டு ஒரு அறை பெயின்ட் அடிச்சு வைச்சிருக்கிறன்."

"ஓம் அண்ணை" என்றேன். பிறகு கழிவறைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாட்டேன் என்று சொல்லிப் பழகிப் பார்த்தேன். தனியே நிற்கும்போதுகூட அது வாயில் வரவில்லை. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது.

வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். பன்னிரண்டு வோல்ட் பற்றரி, டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், புது இக்னிஷன் காயில், புது பல்புகள். ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றவில்லை. ஆறு வோல்ட் மோட்டார் பன்னிரண்டையும் தாங்கும், வேகம்தான் கூடும். அந்த டிராக்டரில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. கியர்க் கம்பியையே ஸ்டார்ட் நிலைக்குத் தள்ளினால்தான் எஞ்சின் எடுக்கும். ஆகவே கியரில் கிடக்கும்போது தவறியும் எடுக்காது. அண்ணைக்கு விரல் மூட்டுகளில் வாதம். கம்பியைத் தள்ள ஏலாது, தனிப் பட்டன் வேண்டும் என்றார். போட்டேன். நியூட்ரலில் மட்டும் அந்தப் பட்டனை வேலை செய்ய வைக்கும் சின்ன சுவிட்ச் ஒன்று, மேசை லாச்சியைத் திறந்தால் முன்னாலேயே கிடந்தது. அதைப் போடவில்லை.

புதன்கிழமை சோதித்துப் பார்த்தேன். முதல் கியரில் விட்டு, கிளச்சை மிதிக்காமல் பட்டனை அழுத்தினேன். பழைய பற்றரி என்றால் முனகிக்கொண்டு கொஞ்சம் அசைந்திருக்கும். இது பாய்ந்தது, எஞ்சினும் பிடித்துக்கொண்டது. நான் நிறுத்துவதற்குள் ஆறடி போய்விட்டது. நாடா வைத்து அளந்தேன். அளப்பது என் பழக்கம்.

ஞாயிறு பூசை. முதல்முறை வாகனம் எடுக்கும்போது முன்சக்கரச் சில்லுகளுக்கடியில் தேசிக்காய் வைத்து நசித்துத்தான் எடுப்போம். பாமா அதை எலுமிச்சம்பழம் என்கிறார். வாகனம் கிழக்கைப் பார்க்க நிற்க வேண்டும் என்பதில் அண்ணை பிடிவாதம். என் முற்றத்தில் கிழக்கே இருப்பது ரயில் பாதையின் செங்கல் சுவர். தேசிக்காய் நசிய ஓரடி உருண்டால் போதும்தானே என்று, சுவருக்கு நாலடி விட்டு நிறுத்தினேன்.

அண்ணையின் மனைவி தவநாயகி மச்சாள் கற்பூரம் காட்டிவிட்டுத் தட்டோடு ஒதுங்கினார். நான் மேலே ஏறி உட்கார்ந்தேன். மச்சாள் வைத்த தேசிக்காய்களை அண்ணை குனிந்து பார்த்தார். யார் வைத்தாலும் அவருக்குச் சரிவராது. தன் கார்கள் மூன்றுக்கும், என்னுடைய வானுக்கும் கடைசி நேரத்தில் அவரே குந்தியிருந்து திருத்தி வைத்தவர். அன்றும் சுவருக்கும் டிராக்டருக்கும் நடுவே போய்க் குந்தினார். நான் முதல் கியரைப் போட்டேன்.

"நான் எழும்பினாப் பிறகு அமத்து தம்பி" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன். அழுத்தினேன். முப்பத்து மூன்று ஆண்டுகளில் அவர் சொன்னதை நான் மீறியது அந்த ஒருமுறைதான்.

கால் கிளச்சுக்குப் பக்கத்திலேயே இருந்தது. மிதித்திருக்கலாம். மச்சாள் கத்தியது கேட்டது. டிராக்டர் சுவரில் முட்டி எஞ்சின் தானாக நிற்கும்வரை நான் அசையவில்லை.

நீங்கள் ஏதோ கேட்டீர்கள். பாமா அதைத் தமிழில் சொன்னார்.

"கராஜை மூட மாட்டேன்னு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஐயா?"

எப்படிச் சொல்வது பிள்ளை? எழுபது வயது மனிதர். தம்பி வரப்போகிறான் என்று அந்த அறைக்குத் தன் கையாலேயே பெயின்ட் அடித்தவர். முகம் வாடிப்போகும். தெரிந்துதான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள்: அண்ணையின் மனம் நோகும்படி நான் ஒரு சொல் சொன்னதில்லை.