ஏ பாட்டிலும் பி பாட்டிலும்

இல்ல மேடம், காப்பி அடிக்கல. பன்னெண்டு பேரும் ஒரே மாதிரி எழுதினா காப்பின்னு தான் தோணும், எனக்கே தோணும். ஆனா ரெண்டு வருஷமா இந்தக் கூட்டத்தோட பி.எஸ்சி. லேப் டெக்னாலஜி படிச்சிக்கினு இருக்கறேன். ஒத்துமையா காப்பி அடிக்கக்கூட இதுங்களுக்குத் தெரியாது.

நேத்து மாடல் பிராக்டிகலுக்கு நீங்க சொன்னது இது தான மேடம்? ஒரே ஆளோட யூரின ரெண்டு பாட்டில்ல ஊத்தணும். ஏ அப்படியே இருக்கணும். பி-ல குளுக்கோஸ் கலந்து சக்கர வியாதி மாதிரி பண்ணிடணும். எதுல சக்கர இருக்குதுன்னு இவங்க கண்டுபிடிக்கணும். பன்னெண்டு பேரும் ரெண்டுலயும் இருக்குதுன்னு எழுதிட்டாங்க. நீங்க பன்னெண்டு பேருக்கும் முட்ட போட்டுட்டீங்க.

ஏஞ்சலுக்கு இந்த மார்க் வரலன்னா யுனிவர்சிட்டி எக்ஸாமே எழுத முடியாது மேடம். காலைலேர்ந்து அழுதுக்கினு இருக்குது. அழறத நிறுத்தினா என்னைத் திட்டுது. அதுக்குத் தான் வந்தேன்.

உங்க பாட்டில்ல கொஞ்சம் தண்ணி குடிச்சிக்கிறேன் மேடம். என்னுது ரெண்டும் காலி.

யூரினா? என்னுது தான். பசங்க குடுக்க மாட்டேன்னுட்டாங்க. போன தடவ டேனியல் குடுத்தானே, டீயில தண்ணி ஊத்தி வடிகட்டி. ஏலக்கா வாசன வந்து நீங்க தான கண்டுபிடிச்சீங்க. அதான் இந்த வாட்டி கிளாஸ் ரெப் நானே குடுத்துட்டேன். தலைவின்னா தியாகம் பண்ணணும் இல்ல.

கலர் நானும் பாத்தேன் மேடம். அந்த நீல மருந்துல எட்டு சொட்டு விட்டுக் காச்சினா, சக்கர இல்லன்னா நீலமாவே தான இருக்கணும்? ரெண்டுமே நல்ல செங்கல் செவப்பு. டேனியல் அரக்குன்னு எழுதி வெச்சிருக்கான். அவங்க வீட்ல பட்டுக்கு சாயம் போடறாங்க, அவன் கண்ணுக்கு எல்லாம் பொடவ தான். லோகேஷ் அதுக்குப் பச்ச பார்டர் எடுப்பா இருக்கும்னு சொல்லி உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்கினான்.

நான் ஸ்பூன மாத்திப் போட்டு ரெண்டுலயும் கலந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் ஆமான்னுட்டேன், அவங்க அடங்கணும் இல்ல. ஆனா நடந்தது அது இல்ல மேடம்.

நேத்து சாமி பொறப்பாடுன்னு காந்தி ரோட்ல பஸ்ஸ நிறுத்திட்டாங்க. எறங்கி ஓடியாந்தேன். இங்க வந்தா எல்லாரும் உக்காந்துக்கினு இருக்காங்க. நேரா பாத்ரூம் போனேன், ரெண்டு பாட்டில்லயும் புடிச்சேன், லேபிள் ஒட்டினேன், வெச்சிட்டேன். குளுக்கோஸ் போடவே இல்ல மேடம். வீட்டுக்குப் போய் பையத் தெறந்தா பாக்கெட் பிரிக்காம இருக்குது.

மருந்து கெட்டுப் போச்சின்னு தான் நானும் நெனச்சேன். காலைல சீக்கிரமா வந்து வெறும் தண்ணி விட்டுப் பாத்தேன், நீலம். கலையரசிய கெஞ்சி அவளுத வாங்கிப் பாத்தேன், நீலம். மறுபடி என்னுது. செவப்பு. அப்புறம் வெரல்ல குத்தி மிஷின்ல வெச்சேன், வெறும் வயித்துல. முந்நூத்தி நாப்பது.

உக்காரச் சொல்லாதீங்க மேடம், பெரியாஸ்பத்திரில பதினோரு மணி வரைக்கும் தான் சீட்டு குடுப்பாங்க. அந்தப் பேப்பருங்கள மட்டும் திருத்திட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன். பன்னெண்டு பேரும் சரியாத் தான் எழுதியிருக்காங்க.