இலை மடிக்கும் வரை

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் நெடுமாறன் ஐயா அவர்களே, வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அழுது முகம் வீங்கிய எங்கள் விடுதிப் பிள்ளைகளே! உதவிக் காப்பாளர் பூர்ணிமா பேசுகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகள் இந்த மாணவியர் விடுதியைக் கட்டிக்காத்த காப்பாளர் அகிலாண்டம் அம்மையாரை இழந்து நிற்கிறோம்.

அம்மையார் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வரும் பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இலையை மடிக்கும் வரை மார்க் பேச்சு கூடாது. எத்தனை பேர் சிரித்தோம்! நானும் சிரித்தேன்.

சிரித்ததோடு விட்டேனா? காலாண்டுத் தேர்வு முடிந்த ஞாயிறு, சீர்காழிப் பக்கத்திலிருந்து வந்த இராஜாங்கம் அண்ணன், பத்தாவது படிக்கும் மகள் ஜெயபாரதியோடு சாப்பிட உட்கார்ந்தார். மூன்று பாடத்தில் அவள் தோற்றிருந்த மார்க் அட்டையை அப்போதே நான் நீட்டினேன். அவர் பாதி இலையில் எழுந்துவிட்டார். "உன்னைப் படிக்க வெச்சதே தண்டம்டி" என்று எல்லோர் முன்னாலும் கத்தினார். சாயங்காலம் பிள்ளையைக் காணோம். பக்கத்து ஆற்றில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர். ஆளுக்கொரு பக்கம் தேடி ஓடினோம்!

கண்டுபிடித்தவர் யார்? முழங்கால் வலியோடு தேடிப் போன அம்மையார்தான். சுவாமிமலைப் பேருந்து நிறுத்தத்தில் ஜெயபாரதி இருந்தாள். "வீட்டுக்கும் போகல, ஹாஸ்டலுக்கும் வரல" என்றாளாம். அம்மையார் ஏன் என்று கேட்டாரா? புத்தி சொன்னாரா? இல்லை. "சரி, பசிக்குதா?" என்றார். அவளாக வாய் திறக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிறகுதான் அப்பாவை வரவழைத்துப் பேச வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அந்த இராஜாங்கம் அண்ணன் இதோ முன்வரிசையில் இருக்கிறார். மகள் கடைசி வரிசையில். அவளை விடுதியிலிருந்து ஒரேயடியாக அழைத்துப்போகக் கடிதம் எழுதிக்கொண்டு வந்து, காலையில் என்னிடம் கேட்டார்: "அந்தம்மா இருந்தாங்க, விட்டு வெச்சேன். இனிமே யார நம்பி விடறது?"

நியாயமான கேள்வி! என்னை நம்புங்கள் என்று எந்த வாயால் சொல்வேன்?

அண்ணே, என்னை நம்ப வேண்டாம். அவளை ஒரு வார்த்தை கேளுங்கள். "வர்றேன்ப்பா" என்றால் இந்த நிமிடமே கையெழுத்துப் போடுகிறேன். "இருக்கேன்ப்பா" என்றால், என்னைத் திட்டிக்கொண்டாவது ஞாயிறு தவறாமல் வாருங்கள். இனி பிள்ளையைக் கேட்காமல் எந்தக் கடிதத்திலும் என் கையெழுத்து விழாது. அம்மையார் படத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு இது!

ஜெயபாரதி, முன்னால் வாம்மா. அப்பா கேட்கப்போகிறார்.