ஒரு கைப்பிடி கல்லுப்பு

எங்கள் வீட்டில் உப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும். வெல்டிங்காரரே, நீங்கள் இந்த ஜீப்பின் நட்டைச் சுரண்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது வெறும் துரு இல்லையே, உப்பு பூத்திருக்கே" என்று கேட்டதால் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் தன் கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வருவதற்குள் முடித்துவிடலாம், பெரிய கதையில்லை.

அவர் ஓய்வு பெற்ற மறுநாளே சமையலறையில் குடிவந்துவிட்டார். டப்பாக்களை உயர வாரியாக அடுக்கினார். முப்பத்தைந்து வருடம் அடுப்பெரித்தவளுக்கு, அடுப்பை எப்போது குறைக்க வேண்டும் என்று பாடம் எடுத்தார். அந்தச் சமயத்தில்தான் எங்கேயோ மழையில் கிடந்த இந்தப் பழைய ஜீப் வந்து சேர்ந்தது. அதை ஷெட்டில் இறக்கியதும் அவரும் அங்கேயே இறங்கிவிட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"இத ஓட வெச்சு உன்னைக் கடல் பாக்கக் கூட்டிட்டுப் போறேன், பாரு" என்றார். கடல் காட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதில் சொன்னது. இன்னும் மறக்கவில்லை, மனிதர்.

வேலையில் அவர் பொறுமைசாலி. இறுகிப்போன நட்டுக்கு எண்ணெய் விட்டு ஒரு நாள் ஊறவைப்பார். சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டுவார். முதலில் ஒரு நூல் இறுக்கிவிட்டுத்தான் தளர்த்துவார். எடுத்த எடுப்பில் தளர்த்தினால் போல்ட்டின் தலை முறிந்துவிடுமாம். மூன்றே மாதத்தில் பாதி வண்டி கழன்றது. எனக்குப் பகீரென்றது. இந்த வேகத்தில் போனால் மீதியும் கழன்று, மாட்டி, மனிதர் மறுபடி டப்பா அடுக்க வந்துவிடுவார்.

அதனால் அவர் மதியம் கண்ணயரும்போது, ஒரு கைப்பிடி கல்லுப்பை வெந்நீரில் கரைத்து, பஞ்சில் நனைத்து, மிச்சமிருந்த நட்டுகளுக்கு ஒத்தடம் கொடுத்தேன். வீக்கத்துக்குக் கொடுப்பதுபோல் பதமாகத்தான். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அந்த நட்டுகள் என்னை மறக்கவேயில்லை.

ஸ்பேனர் வழுக்கி அவருக்கு ஒரு விரல் நகம் போனது. நான்தான் மருந்து போட்டுக் கட்டினேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. நான்தான் தைலம் தேய்த்தேன். உப்புக்கும் சரி, தைலத்துக்கும் சரி, ஒரு நாள்கூடக் குறை வைத்ததில்லை. இப்படி ஆறு வருடம்.

போன மாதம் கண் டாக்டர், பார்வை போய்க்கொண்டிருக்கிறது, இனி ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் நேரே ஷெட்டுக்குப் போய், ஓட்டுபவருக்குப் பக்கத்து சீட்டைத் துணியால் துடைத்தார். அது ஒன்றை மட்டும் முதல் வருடமே புதிதாகத் தைத்து வைத்திருந்தார்.

"உனக்குன்னு தச்சது. ஒரு தடவ உக்காந்தாவது பாத்திருக்கலாம் நீ" என்றார்.

அன்று மதியம் நான் உப்பு ஜாடியைத் தொடவில்லை. மறுநாள் காலையில் அவர் சமையலறைக்கு வந்து, கையால் தடவித் தடவி டப்பாக்களை அடுக்கினார்.

இப்போது நான் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். உப்பை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது. தினமும் நானே எண்ணெய் விடுகிறேன், தட்டுகிறேன், ஒரு நூல் இறுக்கித் தளர்த்திப் பார்க்கிறேன். ஒன்றாவது அசைய வேண்டுமே. அதற்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன். நெருப்புக் காட்டியாவது கழற்றிக் கொடுங்கள். கடல் அவர் கண்ணுக்குத் தெரியும்போதே நாங்கள் போய்ச் சேர வேண்டும்.

அவரிடம் சொல்வதானால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அவர் பாவம், பழைய சொந்தக்காரர்மேல்தான் எல்லாப் பழியையும் போட்டிருக்கிறார். "வண்டிய இப்படி நாசமாக்கினவன் கை விளங்குமா?" என்று அவர் திட்டும்போதெல்லாம் நானும் கூடவே "விளங்காது" என்கிறேன். மனதாரத்தான் சொல்கிறேன். பின்னே, ஒரு நல்ல வண்டியை அப்படியா மழையில் போட்டு வைப்பார்கள்?