முன்னும் பின்னும் அந்தோணி

அஜ்மானிலிருந்து துபாய் போகும் காலை பஸ். முன் சீட்டில் நாகர்கோவில் பக்கத்து நர்ஸுகள் இருவர். ஜன்னலோரம் இருந்தவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"செல்வராஜ் அந்தோணியும் அந்தோணி செல்வராஜும் ஒரே ஆளு, கேட்டியா."

"எப்படி?"

"அப்பா பேரை ஒரு கிளினிக்ல முன்னால போட்டிருக்கு, இன்னொண்ணுல பின்னால. ரெண்டு இடத்துலயும் அதே வலி மாத்திரையை வாங்கியிருக்காரு. போன மாசம் மாத்திரை கூடி நம்ம ஐசியூவுக்கு வந்தவருதான். நேத்து ஐசியூ லிஸ்டையும் கிளினிக்குகளோட மருந்துச்சீட்டு லிஸ்டையும் பேரை விட்டுட்டு ஐடி நம்பரை வெச்சுச் சேர்த்தேன். டக்குனு ஒண்ணாயிட்டாரு."

"அப்புறம்?"

"டாக்டர் வரச்சொன்னாருன்னு அவருக்குப் போன் போட்டேன். 'எந்தப் பேருல வரணும் சிஸ்டர்?'னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"நீங்க வந்தா போதும்னேன்."