விழுந்தா நிக்காதீங்க

— விட்டுடாதடா, விட்டுடாத, விட்டுடாத!

— விடலடா. கத்தாத, கத்தினா வாய்க்குள்ள தண்ணி போகுது பாரு. மூக்கை மேல தூக்கு. அவ்ளோதான். அவ்ளோதான் மாப்ள.

— கால் வரமாட்டேங்குதுடா! ரெண்டு கல்லுக்கு நடுவுல போய் உக்காந்துக்கிச்சு. இழுக்க இழுக்க இன்னும் உள்ள போகுது.

— அப்ப இழுக்காத. ரெண்டு அக்குள்லயும் கை கொடுத்துப் பிடிச்சிருக்கேன். அப்படியே என் மேல சாஞ்சுக்க. தண்ணி என் முதுகுல அடிச்சுட்டுப் போகட்டும்.

— யாருடா பின்னால? டாக்சியா?

— பின்ன யாரு, உன் மாமனாரா? நான்தான்.

— நீயா வந்தே?

— ஏன், வேற ஆளை அனுப்பச் சொல்லட்டுமா?

— மத்தவங்க எங்கடா? ராஃப்ட் எங்க?

— அந்த ரப்பர் படகு குட்டிக்கரணம் போட்டு அந்த வளைவு தாண்டிப் போயிடுச்சு. நம்ம பிரஸ் ஆளுங்க எல்லாரும் கரை ஏறிட்டாங்க. அதோ எதிர்ல பாரு, புரூஃப் ரீடர் அம்மா ரெண்டு கையையும் ஆட்டுறாங்க. பக்கத்துல மெஷின்மேன் குனிஞ்சு வாந்தி எடுக்கறான்.

— அந்தக் கைடு?

— கயிறெல்லாம் ராஃப்டோட போச்சாம். வேன்ல இன்னொண்ணு இருக்குன்னு ஓடியிருக்கார். வந்துடுவார், விடு.

— விடுன்னு சொல்லாதடா! அந்த வார்த்தையே சொல்லாத!

— சரி, சொல்லல.

— ஐயோ... காலையில தலைதலையா அடிச்சுக்கிட்டாரே அந்த மனுஷன். தண்ணியில விழுந்தா நிக்காதீங்க, காலை மேல தூக்கி மிதந்துட்டே போங்க, நின்னா கல்லுல மாட்டிக்கும்னு. நானும் மண்டையை ஆட்டினேன்.

— அப்புறம் ஏன்டா நின்னே?

— பயத்துல எவன்டா யோசிப்பான்? கீழ தரை தட்டுப்பட்டுச்சு. அப்பாடான்னு ஊனிட்டேன். ஊனின உடனே கபக்குன்னு பிடிச்சுக்கிச்சு, நாய் கவ்வின மாதிரி. ஆமா, நீ மட்டும் எப்படிடா நிக்கறே?

— நான் உன்னை மாதிரியா? பாத்து வெச்சேன் காலை.

— பாத்து வெச்சானாம்! எல்லாம் உன்னாலதான்டா சனியனே. சனி ஞாயிறு வீட்டுல காலை நீட்டிப் படுத்துக் கிடப்பேன். ராஃப்டிங் ராஃப்டிங்னு ஒரு மாசமா உயிரை எடுத்தே.

— அந்த ராஃப்டிங் கம்பெனி நோட்டீஸை அடிச்சப்போ நீயும்தானே வாயைப் பொளந்து பாத்தே?

— அடிச்சது நம்ம பிரஸ். மடிச்சு அடுக்கிக் கட்டினது நான். ஆனா அதுல எழுதினது யாரு? ‘நீச்சல் தெரிய வேண்டாம், பயமே வேண்டாம், குடும்பத்தோடு வாங்க’ன்னு கொட்டை எழுத்துல போட்டது யாரு?

— அவங்க கொடுத்த வாசகத்தை நான் டைப் அடிச்சேன். அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?

— ‘பயமே’ன்னு இருந்ததை நீதான் சிவப்பாக்கினே!

— அது எடுப்பா இருக்கட்டும்னு பண்ணேன் மாப்ள.

— எடுப்பா இருக்குடா இப்ப. ரொம்ப எடுப்பா இருக்கு. ஆ... ஆ... டேய், இறுக்கிப் பிடி, முகம் உள்ள போகுது!

— பிடிச்சிருக்கேன். ஒரு அலை வந்துச்சு, போயிடுச்சு. துப்பு. இருமு, நல்லா இருமு. ம். பேசிட்டே இரு.

— என்னத்தைப் பேச?

— திட்டு. அதுல உனக்குப் பஞ்சமே வராது.

— திட்டறேன். கேட்டுக்க. உன்னை எதுக்குடா ஊரெல்லாம் டாக்சின்னு கூப்பிடுது?

— ஆரம்பிச்சுட்டான்.

— சொல்லுடா. கட்டிங் மெஷின்ல என் விரல் போச்சு. பேப்பர் கட்டு பூரா ரத்தம். பக்கத்துல நின்னது நீ ஒருத்தன். ‘இரு மாப்ள, டாக்சி பிடிச்சுட்டு வரேன்’னு வெளிய ஓடினே. எப்பய்யா திரும்பி வந்தே?

— ரத்தம் பாத்தா எனக்குக் காது அடைச்சுக்கும்னு உனக்கே தெரியும்.

— துண்டை மேல சுத்திக்கிட்டு வாசப்படியில உக்காந்திருந்தேன்டா. ஒவ்வொரு வண்டி வரும்போதும் எந்திரிச்சு எந்திரிச்சு நின்னேன். கடைசியில பேப்பர் இறக்க வந்த லாரியில ஏத்திட்டுப் போனாங்க. நீ அந்த வாரம் பூரா தலையே காட்டல. ஆஸ்பத்திரிப் பக்கம்கூட எட்டிப் பாக்கல.

— ம்.

— என்ன ம்?

— நீ பேசு, நான் கேக்கறேன்.

— அன்னைக்கு விரலுக்காக அழலடா நான். நீ வரலேன்னுதான் அழுதேன். என் பொண்டாட்டி இன்னை வரைக்கும் அது வலியாலன்னு நினைச்சுட்டு இருக்கா.

— இதை ஏன்டா இத்தனை வருஷமா சொல்லல?

— எங்க சொல்றது? நீ ஏசி ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி, நான் பின்கட்டுல பசை வாளியோட. கதவைத் திறந்து, ஐயா டைப்பிஸ்ட்டே, உன்னை நினைச்சு அழுதேன்னு சொல்லணுமா? உன் உடம்பு நடுங்குதுடா.

— ஐஸ் மாதிரி இருக்கு தண்ணி. நடுங்காம என்ன பண்ணும்?

— தண்ணி ஏறின மாதிரி இல்ல? முதல்ல நெஞ்சுல இருந்துச்சு. இப்ப தோள்ல இருக்கு.

— நீ கொஞ்சம் கீழ சரிஞ்சிருக்கே, அதான்.

— சரியவே இல்ல! லைஃப் ஜாக்கெட் பக்கிள் தெரிஞ்சுட்டு இருந்துச்சு, இப்ப தெரியல. டேய், அந்தப் பாறையைப் பாரு, உன் வலது கைப் பக்கம். ரெண்டு எட்டு வெச்சா ஏறிடலாம். ஏறி நின்னு கையை ஆட்டு, சீக்கிரம் வரச் சொல்லிக் கத்து.

— உன்னை யாரு பிடிப்பா?

— அரை நிமிஷம் நான் சமாளிச்சுக்கறேன்.

— நீ சமாளிச்ச லட்சணத்தைத்தான் இப்பப் பாத்தேனே. ஒரு அலைக்கே முழுங்கிட்டே. இங்கேயே நின்னு கத்தறேன், கேக்கும்.

— கைடு சார்ர்ர்! கைடு சார்ர்ர்!

— அட, நீ ஏன்டா கத்தறே? மூச்சைச் சேர்த்து வை.

— டேய், என் பொண்டாட்டிகிட்ட வெளியூர்ல ஒரு பிரஸ்ல மெஷின் மாட்டப் போறோம்னு சொல்லிட்டு வந்தேன்டா. ஆத்துக்குன்னா விட்டிருக்க மாட்டா. சட்டைகூட வேலைச் சட்டைதான் எடுத்து வெச்சா. பொண்ணு வேற, ஸ்கூல் நோட்டுக்கு அட்டை போட பைண்டிங்ல மிச்சம் மீதியான காலிகோத் துணி கொண்டு வாப்பான்னா. ஆத்துல செத்தான்னு போய் என் பொண்டாட்டிகிட்ட எப்படிடா சொல்வே?

— நீயே போய் சொல்லு. அடி வாங்கறது நீ. நான் தெருமுனையில நின்னு பாக்கறேன்.

— சிரிக்காத. எனக்குப் பயமா இருக்குடா. நான் சாகப் போறேன், இல்ல?

— இல்ல.

— சத்தியமா?

— சத்தியமாடா. உன்னை வெளிய எடுக்காம நான் இங்கேர்ந்து நகர மாட்டேன்.

— ...டேய், அது என்ன சத்தம்?

— எது?

— ஊதுதே, கேக்கலயா? சங்கு! மேல அணையில ஊதறாங்கடா! சங்கு ஊதிட்டா மதகு திறந்தாச்சுன்னு அர்த்தம், அப்ப யாரும் ஆத்துல இருக்கக் கூடாதுன்னு காலையில சொன்னாரேடா! கடவுளே, தண்ணி வரப் போகுது!

— அணை எங்கயோ இருக்கு. தண்ணி நடந்து வரணும் இல்ல?

— போடா நீ!

— எங்க?

— கரைக்குப் போடா! நான் மாட்டிக்கிட்டேன், உனக்கு என்ன வந்துச்சு? காலைத் தூக்கி மிதந்தா அந்த வளைவுல கொண்டு போய்ப் போட்டுடும். போ!

— சும்மா இரு.

— உங்கம்மா தனியா இருக்காங்கடா. உன்னை விட்டா அவங்களுக்கு யாரு?

— எங்கம்மா இந்நேரம் டிவி முன்னால உக்காந்து வில்லியைத் திட்டிட்டு இருப்பாங்க. அவங்களை ஏன் இதுல இழுக்கறே?

— நான் சொன்னதெல்லாம் மனசுல வெச்சுக்காத. டாக்சி அது இதுன்னு சொன்னதெல்லாம் சும்மா. உன் மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. கால்ல விழுந்து கேக்கறேன், போயிடுடா.

— உன் கால்தான் மாட்டியிருக்கே, எப்படி விழுவே?

— அடிப்பேன்டா! டேய், ஒரு தடவை முன்னாடி வா. உன் மூஞ்சியைப் பாக்கணும் எனக்கு.

— என் மூஞ்சியில என்ன இருக்கு? பத்து வருஷமா பாத்துட்டுத்தானே இருக்கே. அங்க பாரு, அங்க! கைடு வந்துட்டார்! கயிறோட வர்றார்! மரத்துல கட்டறாங்க!

— எங்க? எங்கடா? கண்ணுல தண்ணியா அடிக்குது...

— இறங்கிட்டார். கயிறைப் பிடிச்சு வர்றார். கைடு சார், இந்தப் பக்கம்! இந்தப் பக்கம்!

— கவனிங்க சார், ரெண்டு பேரும் கவனிங்க. பதறாதீங்க. யாருக்கு மாட்டியிருக்கு?

— எனக்கு சார். வலது கால். முட்டிக்குக் கீழ பாதி மரத்துப் போச்சு. காப்பாத்துங்க சார்!

— காப்பாத்தத்தான் வந்திருக்கேன். கவனிங்க, பின்னால நிக்கற சார், நீங்க முதல்ல இந்தக் கயிறைப் பிடிச்சுக் கரைக்குப் போயிடுங்க. அப்புறம் இவரை நான் பாத்துக்கறேன்.

— முடியாது சார். நான் கையை எடுத்தா இவன் முகம் உள்ள போயிடும்.

— நான் பிடிச்சுக்கறேன்.

— பிடிச்சுக்கிட்டா யாரு முங்கிக் காலை எடுக்கறது? இருக்கறது நீங்க ஒருத்தர். முதல்ல இவன் காலை எடுங்க சார், நேரம் போகுது.

— சார், அவன் சொல்றதைக் கேக்காதீங்க, அவனை முதல்ல அனுப்புங்க!

— நீ வாயை மூடு! சார், சங்கு கேட்டுச்சே, அணைக்குப் போன் பண்ணீங்களா?

— பண்ணியாச்சு சார். மதகை மூடிட்டாங்க. ஆனா திறந்து விட்ட தண்ணி விட்டதுதான், அது வந்தே தீரும். எல்லாம் சேர்ந்து உங்க தலைக்கு மேல போகும். அதுக்குள்ள முடிக்கணும். கவனிங்க, நான் முங்கறேன். ஷூ லேஸை அறுத்துட்டா ஷூ உள்ளயே கிடக்கும், கால் மட்டும் வழுக்கிட்டு வரும். நான் காலைத் தட்டினா, முட்டியை மடக்கி, தண்ணி வர்ற பக்கமா மேல இழுங்க. புரியுதா?

— புரியுது சார்.

— முங்கிட்டார் மாப்ள. பல்லைக் கடிச்சுக்க.

— கத்தி படுதுடா... அறுக்கறார்... ஆ!

— கத்து, இப்ப எவ்ளோ வேணாலும் கத்து.

— தட்டறார்! தட்டறார்டா!

— இழு! மடக்கி இழு! என் மேல உந்து!

— ஆஆ... வருது... தோல் உரியுதுடா... வந்துடுச்சு! வந்துடுச்சுடா! கால் வந்துடுச்சு! டேய் டாக்சி, நான் பொழைச்சுட்டேன்டா!

— பொழைச்சுட்டே. காலைக் கீழ வைக்காத! தூக்கிக்க, மிதந்துக்க, கயிறைப் பிடி!

— பிடிச்சுட்டேன்! அழுகையா வருதுடா... கைடு சார், உங்களுக்குக் கோயில் கட்டணும் சார்.

— அதெல்லாம் கரையில பேசிக்கலாம். அவசரத்துல கத்தி கைநழுவி ஆத்தோட போச்சு. போகட்டும், வேலை முடிஞ்சுது. கவனிங்க, இந்த பெல்ட்டை உங்க இடுப்புல மாட்டறேன். பின்னால நிக்கற சார், நீங்க இவரு ஜாக்கெட்டைப் பிடிச்சுக்குங்க. நான் விசில் அடிச்சதும் கரையில எல்லாரும் சேர்ந்து இழுப்பாங்க. ஒரே இழுப்புல ரெண்டு பேரும் போயிடலாம்.

— சரி சார். இவனை முதல்ல இழுக்கச் சொல்லுங்க, நான் அடுத்ததுல வரேன்.

— அடுத்தது கிடையாது சார். தண்ணி நிறம் மாறிடுச்சு, பாருங்க. மேல இருந்து குப்பை வருது. இப்பவே கிளம்பணும்.

— கேட்டியா? வாடா, என் ஜாக்கெட்டைப் பிடி.

— நீ போ மாப்ள.

— என்னடா நீ போ? கால் வந்துடுச்சுடா, இனிமே என்னைப் பிடிச்சுட்டு நிக்க வேண்டாம். முடிஞ்சுது. இந்த ஆத்துல ஓடாம நின்னே பாரு, அதை பிரஸ் வாசல்ல போஸ்டர் அடிச்சு ஒட்டறேன். வா!

— கைடு சார், விசில் அடிங்க.

— நீங்க பிடிக்காம எப்படி சார் அடிக்கறது?

— அடிங்க சார்! இவனுக்கு ஒரு பொண்ணு இருக்கு!

— டேய், என்னடா ஆச்சு உனக்கு? முகமெல்லாம் ஏன்டா இப்படி வெளுத்திருக்கு? ஒரே ஒரு எட்டு முன்னால எடுத்து வை, கையைக் கொடுத்து நான் இழுத்துக்கறேன். வாடா!

— எடுக்க முடியலடா மாப்ள. உன்னைப் பிடிக்க வந்து நின்னேன் பாரு, அப்பவே என் காலும் கல்லுக்குள்ள போயிடுச்சு.