முறைமணி யாருடையது

கல்லூரியில் என்னோடு கணினிப் பாடம் நடத்திய செல்வராசு உருவாக்கிய ஆப்பின் பெயரை, பொறாமையால், நான் முந்திக்கொண்டு எனக்கென்று பதிவு செய்தேன். 'முறைமணி' என்பது அந்தப் பெயர். அரியலூர் சிமெண்ட் ஆலை வாசலில் காத்திருக்கும் லாரிக்கு முறை நெருங்கினால் டிரைவரின் செல்போனில் மணி அடிக்கும். என்னைவிட இளையவனான அவனை டிரைவர்கள் கொண்டாடியதை என்னால் தாங்க முடியவில்லை. பெயர் என்னுடையது என்று பிளே ஸ்டோரில் புகார் கொடுத்து ஆப்பையே நீக்க வைத்தேன்.

சில நாள் கழித்துப் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் இரண்டு லாரி டிரைவர்கள். இளையவர் புலம்பிக்கொண்டிருந்தார்.

"நேத்து அசந்து தூங்கிட்டேண்ணே. முறை போயிடுச்சு, ஓனர் கிழிச்சுட்டாரு. அந்த மணி அடிக்கிற ஆப் எங்கண்ணே காணோம்?"

"எவனோ பேரு என்னோடதுன்னு சொல்லித் தூக்க வச்சுட்டானாம்டா."

"அவன் வேற ஆப் விட்டுருக்கானா?"

"ஒண்ணும் கெடையாது. பேர மட்டும் வச்சிருக்கான்."

"பெறாத புள்ளைக்குப் பேரு வச்சு, யாரண்ணே கூப்புடுவான்?"

இருவரும் சிரித்தார்கள். நான் சன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மறுநாள் செல்வராசு வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, பெயரை எழுதித் தருவதாகச் சொன்னேன்.

"நீங்களே வச்சுக்குங்க சார். வேற பேர்ல விட்டுட்டேன்" என்றான்.

டிரைவர்கள் இப்போது அந்தப் புதுப்பெயரைச் சொல்லி அவனைப் புகழ்கிறார்கள். கேட்கும்போது எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.